இளரத்தமும் ஒரு பரிசோதனைச் சீட்டும்

ஆனி மாதத்தில் ஒரு மாலை, பாம்பன் தெற்குவாடிப் பக்கம் என் தங்கை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அவள் மகனுக்கு வயது 22. அப்பாவோடு நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவன். சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, அம்மா அடுப்படியில்தான் இருக்கிறாள் என்று உறுதி செய்துகொண்டு என்னிடம் நீட்டினான். பலமுறை பிரித்து மடித்ததில் மடிப்புகள் கிழியத் தொடங்கியிருந்தன. ரத்தப் பரிசோதனைச் சீட்டு. ஒரே ஒரு வரி: ஆண்களின் விதையில் சுரக்கும் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், டெசிலிட்டருக்கு 338 நானோகிராம்.

“மாமா, இது குறைவுதானே? அதனால்தான் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வரவில்லையா?”

அவன் உடற்பயிற்சிக்குப் போகும் இடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்: ஆண்களுக்குக் கூச்சம் இருந்தால் ஹார்மோன் போதவில்லை என்று பொருள், ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று. மீன் ஏலத்தில் வியாபாரி விலை சொல்லும்போது தான் வாயை மூடிக்கொண்டு நிற்பதை அவன் இந்த எண்ணோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டான்.

அதே தெருவில் இன்னொரு பையன் இருக்கிறான். விசைப்படகுத் தொழிலாளி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் வேலையில்லாமல் இருந்தவன், ஒரு கபடிப் போட்டியில் வாய்த்தகராறு முற்றி எதிரணிக்காரன் மண்டையை உடைத்துவிட்டான். பெரியவர்கள் கூடிப் பேசியபோது வந்த தீர்ப்பு, “இளரத்தம், வயது அப்படி” என்பதுதான். ஆக ஒருவனின் அமைதிக்கு ஹார்மோன் குறைவு காரணம், இன்னொருவனின் அடிதடிக்கு ஹார்மோன் மிகுதி காரணம். இருபது ஆண்டுகளாகப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவன் என்ற முறையில் இந்த இரண்டு முடிவுகளும் என்னைத் தூங்கவிடவில்லை. இவற்றைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் அந்த 338. ரத்தம் கொடுத்தது எப்போது என்று கேட்டேன். விடியற்காலை கரைக்கு வந்து, வலையிலிருந்து மீன் கழற்றி, ஏலம் முடித்து, இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்து, மாலை ஐந்து மணிக்குப் போய்க் கொடுத்திருக்கிறான். டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கும், பகல் ஏற ஏறக் குறையும். இளைஞர்களிடம் இந்த வேறுபாடு கால்பங்கு வரைகூட இருக்கும். அதனால்தான் மருத்துவர்கள் காலை பத்து மணிக்குள், அதுவும் இரண்டு வெவ்வேறு நாட்களில் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். தூக்கமும் முக்கியம். 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர்கள் 10 பேரை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்க வைத்தார்கள். பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் வரை குறைந்தது. கடல்தொழில் செய்கிறவனுக்குத் தொடர்ந்து ஐந்து மணி நேரத் தூக்கம் கிடைப்பதே பெரிய விஷயம்.

இவ்வளவும் சேர்ந்தும் அந்த எண் இயல்பு எல்லைக்குள்தான் இருந்தது. 19 முதல் 39 வயதுவரை உள்ள, உடல்பருமன் இல்லாத ஆண்களுக்கு 264 முதல் 916 வரை என்று 2017இல் ஓர் எல்லையை வகுத்தார்கள். அது அமெரிக்க, ஐரோப்பிய ஆண்களிடம் எடுத்த கணக்கு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லை எவ்வளவு அகலம் என்று பாருங்கள். மூன்று மடங்குக்கும் மேலான இடைவெளியில் எங்கே நின்றாலும் அவன் நலமான ஆண்தான்.

இன்னொன்று. ரத்தத்தில் ஓடும் டெஸ்டோஸ்டிரோனில் ஏறக்குறைய 98 சதவீதம் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு பயணிக்கிறது. கட்டில்லாமல் திரிவது 2 சதவீதம்தான். செல்லுக்குள் அதை வரவேற்கும் ஏற்பியும் எல்லோருக்கும் ஒரே மாதிரி அமைவதில்லை. மரபணுவில் உள்ள சிறு வேறுபாட்டால் ஒருவன் உடல் கொஞ்சத்துக்கே அசையும், இன்னொருவன் உடல் நிறையக் கேட்கும். மூளைக்குள் போகும் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக, அதாவது நாம் பெண்களின் ஹார்மோன் என்று சொல்லிப் பழகிய ஒன்றாக, மாறித்தான் தன் வேலையைச் செய்கிறது. ஒரு சீட்டில் அச்சாகும் ஒற்றை எண்ணுக்குள் இதெல்லாம் அடங்காது.

அப்படியென்றால் ஹார்மோனுக்கும் குணத்துக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. நம் முன்னோர் அதைக் கண்ணால் கண்டு அறிந்திருந்தார்கள். இராமநாதபுரம் சீமையில் எருதுகட்டுக்கு விடும் காளையையும் ஏரில் பூட்டும் மாட்டையும் ஒருசேரப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. காயடித்த மாடு கழுத்தைக் கொடுக்கும், காயடிக்காதது திமிலைச் சிலிர்க்கும். 1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் அர்னால்டு பெர்தோல்டு என்பவர் சேவல்களில் இதைச் சோதித்தார். விதை நீக்கப்பட்ட இளஞ்சேவல்கள் கொண்டை வளராமல், கூவாமல், சண்டையிடாமல் மந்தமாகின. விதையைத் திரும்ப வயிற்றுக்குள் வைத்துத் தைத்த சேவல்களோ கொண்டை சிவந்து கூவின, சண்டையிட்டன. பழைய நரம்பு இணைப்பு அறுந்த பிறகும் அது வேலை செய்ததால், ஏதோ ஒன்று ரத்தத்தின் வழியே போகிறது என்று கண்டார். அந்த ஏதோ ஒன்றைத் தூய வடிவில் பிரித்தெடுக்க 1935 வரை ஆயிற்று. அதே ஆண்டில் புட்டனான்ட், ருசீக்கா என்ற வேதியியலாளர்கள் அதைச் செயற்கையாகவும் தயாரித்தார்கள். 1939இன் நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

காளையிலும் சேவலிலும் நாம் பார்ப்பது இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாடு. என் மருமகன் கேட்டதோ 338க்கும் 600க்கும் உள்ள வேறுபாட்டை. டீசல் இல்லாமல் படகு நகராது என்பது உண்மை. ஆனால் தொட்டியில் 30 லிட்டர் இருக்கும் படகைவிட 60 லிட்டர் இருக்கும் படகு இரண்டு மடங்கு வேகமாகப் போகும் என்று எந்தக் கடலோடியும் சொல்ல மாட்டான். இதை அவனிடம் சொன்னபோது முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினான்.

இயல்பான அளவுக்குள் இருக்கும் ஆண்களிடையே எவ்வளவு வித்தியாசம் தெரிகிறது என்பதைப் பல பத்தாண்டுகளாக அளந்திருக்கிறார்கள். ஆக்ரோஷத்துக்கும் டெஸ்டோஸ்டிரோனுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து 2001இல் கணக்கிட்டபோது ஒட்டுறவு எண் 0.14 என்று வந்தது. 2005இல் பிழைகளைக் களைந்து மீண்டும் கணக்கிட்டார்கள், 0.08 ஆயிற்று. 2020இல் இன்னும் பெரிய தொகுப்பில் அது 0.05 அளவில் நின்றது. இந்த எண் 1 என்றால் ஒன்று மற்றதை அப்படியே பின்தொடர்கிறது, 0 என்றால் தொடர்பே இல்லை. 0.08 என்றால், மனிதருக்கு மனிதர் கோபம் வேறுபடுவதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பங்கைத்தான் இந்த ஹார்மோன் அளவை வைத்து விளக்க முடியும். கபடித் திடலில் மண்டை உடைந்ததற்கு மீதி 99 பங்கு காரணத்தை நாம் வேறெங்கோ தேட வேண்டும்.

எங்கே தேடலாம் என்பதற்கு ஒரு பழைய ஆய்வில் குறிப்பு இருக்கிறது. 1990இல் வெளியான அந்த ஆய்வுக்காக அமெரிக்காவில் 4,462 முன்னாள் படைவீரர்களின் ரத்தத்தைப் பரிசோதித்திருந்தார்கள். ஹார்மோன் அதிகம் இருந்தவர்களிடம் அடிதடி, சட்ட மீறல், போதை ஆகியவை கொஞ்சம் கூடுதலாக இருந்தன. ஆனால் அவர்களைப் படிப்பும் வருமானமும் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று பிரித்தபோது, வசதியுள்ளவர்களிடம் அந்தத் தொடர்பு பெரும்பாலும் மங்கிப்போயிருந்தது. அதே ஹார்மோன், அதே அளவு. ஒருவனுக்கு முன்னால் நாலு வழி திறந்திருந்தன, இன்னொருவனுக்கு ஒரே வழிதான் இருந்தது. 61 நாள் கையில் காசில்லாமல் இருந்த பையனைப் பற்றிப் பேசும்போது நம் பெரியவர்கள் அவன் ரத்தத்தை மட்டும் குறிப்பிட்டார்கள், அந்த 61 நாளைக் குறிப்பிடவில்லை.

கூச்சம், கலகலப்பு போன்ற குணங்களைப் பொறுத்தவரை சான்றுகள் இன்னும் மெலிந்தவை. உளவியலாளர்கள் மனிதர்களின் குணத்தை ஐந்து பெரும் பண்புகளாக அளக்கிறார்கள்: புதியதை ஏற்கும் மனம், ஒழுங்கு, வெளியுலக நாட்டம், இணக்கம், மனக்கலக்கம். இவற்றில் வெளியுலக நாட்டத்துக்கும் டெஸ்டோஸ்டிரோனுக்கும் ஒரு சிறிய தொடர்பு 2015இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில் தெரிந்தது. வேறு ஆய்வுகளில் அது தோன்றுவதும் மறைவதுமாக இருக்கிறது. தெரிந்த இடத்திலும் எது முன்னால், எது பின்னால் என்ற கேள்வி நிற்கிறது. நாலு பேரோடு பழகி, ஓடி ஆடி, விளையாடுகிறவனின் உடல் கூடுதலாகச் சுரக்கிறதா, அல்லது சுரப்பதால் அவன் பழகுகிறானா?

வெளியிலிருந்து ஹார்மோனைக் கொடுத்துப் பார்த்த சோதனைகளும் உண்டு. 2017இல் வெளியான ஒன்றில் 243 ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் களிம்பையோ வெறும் களிம்பையோ பூசி, அவசரப்பட்டால் தப்பாகிவிடும் கணக்குகளைக் கொடுத்தார்கள். ஹார்மோன் பூசியவர்கள் யோசிக்காமல் விடை சொல்லிச் சறுக்கியது கொஞ்சம் அதிகம். அடுத்தவர் கண்ணைப் பார்த்து மனதைப் படிக்கும் திறனை ஹார்மோன் மழுங்கடிக்கும் என்று முன்பு ஒரு கருத்து இருந்தது. 2019இல் வெளியான ஆய்வில் 643 ஆண்களிடம் சோதித்தபோது அப்படி எதுவும் தெரியவில்லை. துணிச்சலான தோரணையில் இரண்டு நிமிடம் நின்றால் டெஸ்டோஸ்டிரோன் ஏறும் என்று 2010இல் வந்த செய்தி உலகமெங்கும் பரவியது. 2015இல் வெளியான ஆய்வில் 200 பேரிடம் திரும்பச் செய்தபோது ஹார்மோன் அசையவில்லை. கைப்பேசியில் ஓடும் அரைநிமிடக் காணொளிகள் பெரும்பாலும் இந்த முதல் செய்திகளோடு நின்றுவிடுகின்றன. பிந்திய திருத்தத்தை நம் பிள்ளைகளுக்கு யாரும் அனுப்புவதில்லை.

இனி நான் மிகவும் முக்கியம் என்று நினைக்கும் பக்கத்துக்கு வருகிறேன். ஹார்மோன் குணத்தை உருவாக்குகிறது என்று எல்லோரும் பேசுகிறார்கள். வாழ்க்கை ஹார்மோனை ஏற்றி இறக்குகிறது என்பதற்குத்தான் வலுவான சான்று இருக்கிறது.

தென்னமெரிக்காவின் பொலிவியக் காடுகளில் வாழும் சிமானே மக்களிடையே ஆய்வாளர்கள் தங்கிப் பார்த்தார்கள். அந்த ஆண்களின் அடிப்படை டெஸ்டோஸ்டிரோன் அமெரிக்க ஆண்களைவிடக் குறைவு. நோய்க்கிருமிகளோடு ஓயாமல் போராடும் உடல் அப்படித்தான் சிக்கனம் பிடிக்கும். ஆனால் அவர்கள் கால்பந்து ஆடி முடித்தபோது அது ஏறக்குறைய 30 சதவீதம் ஏறியது. ஒரு மணி நேரம் கோடரியால் மரம் வெட்டியபோது 47 சதவீதத்தை ஒட்டி ஏறியது. எதிராளி இல்லை, சண்டை இல்லை, பார்க்கக் கூட்டம் இல்லை. விளைநிலத்துக்காக மரம் வெட்டுவது வயிற்றுப்பாட்டுக்கான உழைப்பு. அந்த உழைப்புக்கே உடல் இவ்வளவு சுரக்கிறது. அலையை எதிர்த்து நங்கூரம் இழுப்பவனையும் ஈர வலையைத் தோளில் தூக்குபவனையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண் நினைவுக்கு வருகிறது.

உடல் அசையாமலே இது ஏறி இறங்கும் என்பதையும் கண்டிருக்கிறார்கள். 1994 உலகக்கோப்பைக் கால்பந்து இறுதிப்போட்டியில் பிரேசில் இத்தாலியை வென்றபோது, தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த பிரேசில் ரசிகர்களின் உமிழ்நீரில் டெஸ்டோஸ்டிரோன் கூடியது, இத்தாலி ரசிகர்களுக்குக் குறைந்தது. ஆய்வில் பங்கேற்றவர்கள் சிலரே என்றாலும், தோற்றவனின் உடம்பு தோல்வியை அறிந்துகொள்கிறது என்பதை இது காட்டுகிறது.

இதைவிட நம் வாழ்க்கைக்கு நெருக்கமான ஆய்வு பிலிப்பைன்ஸின் செபு என்ற கடலோர ஊரில் நடந்தது. 2005இல் 21 வயதை ஒட்டிய 624 இளைஞர்களின் உமிழ்நீரை எடுத்தார்கள். 2009இல் மீண்டும் எடுத்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் கூடுதலாக இருந்தவர்களுக்கு அந்த இடைவெளியில் துணை அமைந்து குழந்தை பிறக்கும் வாய்ப்பு சற்று அதிகமாக இருந்தது. ஆனால் தந்தையான பிறகு அவர்களுக்குத்தான் அது பெரிய அளவில் விழுந்தது, காலையில் 26 சதவீதம், மாலையில் 34 சதவீதம். நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் குழந்தையைக் கவனித்தவர்களிடம் அளவு மிகவும் குறைவாக இருந்தது.

நம் ஊரில் அடங்காத பையனுக்கு “ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடுவான்” என்பார்கள். இந்த ஆய்வைக் காட்டி அதை நியாயப்படுத்த யாராவது வந்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குழந்தையைத் தூக்கிச் சுமக்கும் நேரம் கூடிய வீட்டில்தான் ஹார்மோன் மிகவும் தணிந்திருந்தது. கட்டிய தாலியோடு கடமை முடிந்ததென்று கடைத்தெருவுக்குப் போகிறவன் உடம்பில் அந்தத் தணிவை எதிர்பார்க்க முடியாது. முரடன் ஒருவனைத் திருத்தும் மருந்தாக ஒரு பெண்ணை அவன் வீட்டுக்கு அனுப்புவது, அந்தப் பெண்ணுக்கு நாம் செய்யும் கொடுமை. என்னிடம் படித்த பிள்ளைகளில் சிலருக்கு அது நேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மீன்பிடித் தொழிலையே களமாக வைத்து நடந்த ஆய்வு ஒன்றும் இருக்கிறது. அதில் ஹார்மோனை அளக்கவில்லை, போட்டி மனப்பான்மையை அளந்தார்கள். வடகிழக்குப் பிரேசிலில் இரண்டு மீனவச் சமூகங்கள். ஒன்று ஏரியில் சிறு ஓடத்தில் தனித்தனியே மீன் பிடிப்பது, மற்றது கடலில் பெரிய படகில் குழுவாகப் போவது. பந்தெறியும் ஒரு விளையாட்டை வைத்து, தனியாக ஆடிக் கூலி வாங்குகிறாயா, இன்னொருவனோடு மோதி வென்றால் கூடுதலாக வாங்குகிறாயா என்று கேட்டார்கள். ஏரி மீனவர்கள் மோதுவதையே அதிகம் விரும்பினார்கள். அந்த விருப்பம் பிறவியிலேயே இருந்தது என்றும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் தொழிலில் ஆண்டுகள் கூடக் கூடத்தான் அது வளர்ந்திருந்தது. குழுவாகப் போகிற கடல் மீனவர்களிடம் அப்படி வளரவில்லை. 2013இல் வெளியான இந்த முடிவைப் படித்தபோது, நம் கரைவலையைப் பற்றி யாராவது இப்படி ஆராய மாட்டார்களா என்று ஏங்கினேன்.

கரைவலையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். படகில் வலையைக் கொண்டுபோய் வளைத்து விட்டுவிட்டு, இரண்டு கயிறுகளின் முனைகளையும் கரையில் இரண்டு கூட்டம் இழுக்கும். மணலில் குதிகாலை ஊன்றி, பின்னோக்கி நடந்து இழுக்க வேண்டும். ஒரு பக்கம் வேகமாக இழுத்து மறுபக்கம் தளர்ந்தால் மீன் தப்பிவிடும். மடி கரைக்கு வந்ததும் காரலும் சூடையும் வெள்ளிக்காசாகத் துள்ளும். அங்கே ஒருவன் மட்டும் பலசாலியாக இருந்து பயனில்லை. சென்ற ஆண்டு வடகடல் பக்கம் பெரியப்பாவின் கரைவலையில் என் மருமகன் கயிறு பிடித்ததைப் பார்த்தேன். நீரோட்டம் மாறி வலை ஒருபக்கமாகச் சாய்ந்தபோது மறுபக்கத்துக்காரர்களை நிறுத்தச் சொல்லி அவன் போட்ட சத்தம் காற்றையும் மீறிக் கேட்டது. அங்கே நின்றவர்களில் பாதிப்பேர் அவனைவிட மூத்தவர்கள்.

ஊசியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோனை ஏற்றினால் மூளை, போதுமான அளவு இருக்கிறது என்று எண்ணி, விதைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். விதை சுருங்கும், விந்தணு உற்பத்தி குறையும், சிலருக்கு முற்றிலும் நின்றுவிடும். ஊசியை விட்ட பிறகு பழைய நிலைக்குத் திரும்ப மாதங்கள் ஆகலாம், ஆண்டும் ஆகலாம். ரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகி ரத்தம் தடித்துப்போகும். உண்மையான குறைபாடு என்பது வேறு: மீசை தாடி முளைக்காமை, பாலுணர்வு அறவே குன்றுதல், காரணமில்லாத அசதி, எலும்புத் தேய்மானம் போன்ற அறிகுறிகளோடு காலைப் பரிசோதனையிலும் அளவு மீண்டும் மீண்டும் குறைந்திருப்பது. அப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவரின் கண்காணிப்பில் சிகிச்சை நல்ல பலன் தரும், தயங்காமல் போக வேண்டும். கூச்சம் அந்தப் பட்டியலில் இல்லை.

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் நடந்து 2010இல் அச்சில் வெளியான ஒரு சோதனையை அவனிடம் கதையாகச் சொன்னேன். பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரோனையோ வெற்று மருந்தையோ கொடுத்து, பணத்தைப் பங்கிடும் விளையாட்டை ஆடவைத்தார்கள். ஹார்மோன் பெற்றவர்கள் உண்மையில் கூடுதல் நியாயமாகவே பங்கு கொடுத்தார்கள். ஆனால் தமக்கு ஹார்மோன் கொடுத்திருக்கிறார்கள் என்று நம்பியவர்கள், உண்மையில் எதைப் பெற்றிருந்தாலும், நியாயம் குறைவாக நடந்துகொண்டார்கள். “அப்படியென்றால் மாமா, அந்தச் சீட்டைப் பார்க்காமலே இருந்திருக்கலாமோ?” என்று கேட்டான். பார்த்தது தப்பில்லை, சரியான நேரத்தில் பார்க்க வேண்டும் என்றேன்.

ஆடியில் கச்சான் காற்று ஓங்கி, படகு பத்து நாள் கரையில் ஏறிக் கிடந்தது. அந்த நாட்களில் இரவு முழுதும் வீட்டில் தூங்கினான். பதினோராம் நாள் காலை எட்டு மணிக்கு நானே அழைத்துப் போய் ரத்தம் கொடுக்க வைத்தேன். 517 என்று வந்தது. அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்கும் நிறைவாக இருந்தது.

காற்று தணிந்து படகு இறங்கிய மறுநாள் விடியலில் ஏலத்துக்கு நானும் போனேன். கூடையில் நகரையும் கணவாயும் இருந்தன. வியாபாரி ஒரு விலை சொன்னார். பக்கத்துப் படகுக்காரர் அதே மீனுக்கு அதைவிட நல்ல விலைக்குப் பேசிக்கொண்டிருந்தார். என் மருமகன் தரையைப் பார்த்தபடி நின்றான். அவன் அப்பாவும் வாய் திறக்கவில்லை. ஐம்பது வயதானவர், ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று பேசுகிறவர். திரும்பி வரும்போது என் தங்கையிடம் விசாரித்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் புது இயந்திரம் வாங்க அந்த வியாபாரியிடம்தான் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். அது அடையும்வரை மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும் என்பது பேச்சு.